குறைஞ்சா குறையட்டும்

என் கணவர் நன்னிலத்துப் பக்கம் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறார். எங்கள் சபைப் பாடகர் குழுவில் அவர் குரல்தான் உரத்தது. அந்த வாயில், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே, எந்நேரமும் ஒரு சிட்டிகை புகையிலை ஒதுங்கியிருக்கும். ஆராதனைக்கு முன் குழாயடியில் கொப்பளித்துவிட்டு வந்து பாடுவார்.

போன வருஷம் சம்பா அறுப்பு நெருங்கும் சமயம், அவர் கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு படர்ந்தது. குழம்பு பட்டாலே எரிந்தது. திருவாரூரில் பல் டாக்டரம்மா கொஞ்சம் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இன்னும் புத்துநோயா மாறல. இன்னைக்கே விட்டுடுங்க. அறுப்பு முடியட்டும்னு சொல்லாதீங்க" என்றார்.

அதைச் சொல்லத்தான் இவர் வாயெடுத்திருந்தார். எழுந்து, கையிலிருந்த புகையிலைப் பாக்கெட்டை வாசல் குப்பைத்தொட்டியில் போட்டார். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் போட்டு ஜெபித்தார். "ஆண்டவரே, இனிமே இது எனக்கு எஜமானா இருக்கக் கூடாது."

ஜெபித்ததும் ஆசை போய்விடவில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். புகையிலை இருந்த இடத்துக்கு முதலில் பெப்பர்மின்ட் வந்தது, பிறகு மிக்சர், அதன்பின் டீக்கு மேல் டீ. ஒரு மத்தியானம், சாப்பிட்ட கை காயும் முன்பே அலமாரி டப்பாக்களைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"என்னங்க தேடுறீங்க?"

"தெரியல. என்னமோ குறையுது."

"குறைஞ்சா குறையட்டும்ங்க. அந்த எடத்துல வேற எதையும் கொண்டாந்து வைக்காதீங்க. கொஞ்ச நாள் காலியாவே கெடக்கட்டும்."

"உனக்கென்ன, சொல்லிட்ட" என்றார் கடுப்பாக.

அவர் சொன்னதும் நியாயந்தான். எனக்கு டீ என்றால் பாயசம் மாதிரி இனிக்க வேண்டும். அன்றே சர்க்கரையை விட்டேன். தலை வலித்தது, கோபம் வந்தது. அவர் படுகிற பாட்டில் ஒரு துளி எனக்கும் விளங்கியது.

அதன்பின் ஆசை தலைதூக்கும்போதெல்லாம் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து, கையில் இருக்கிறதைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினோம். அன்றைய சோறு, வலிக்காமல் விழுங்க முடிந்த ஒரு வாய்க் குழம்பு, கைவிட்டுப் போகாத பாட்டு. முதலில் உதடுதான் சொன்னது. மனசு முரண்டு பிடித்தது. விடாமல் சொன்னோம்.

அறுப்பு வந்தது. நான் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோன அன்று, நெல் மூட்டை பிடிக்கிறவர் இவரிடம் ஒரு பாக்கெட்டை நீட்டினார்.

"ஒரு சிட்டிகைதாண்ணே. யாருக்குத் தெரியப் போவுது?"

இவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் சாப்பாட்டுத் தூக்கை வரப்பில் இறக்கி வைத்தேன்.

"எனக்குத் தெரியுமேப்பா. உள்ள வை" என்றார்.

சாப்பிட்டு முடித்து மெஷினில் ஏறினார். அந்த இரைச்சலுக்கும் மேலே தொண்டை கிழியப் பாடிக்கொண்டே அறுத்தார். மூட்டைக்காரர் சிரித்தார். நான் வரப்பிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கன்னத்துத் திட்டு மெல்ல மங்கி வருகிறது. டாக்டரம்மா விடாமல் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். போன வாரம் காட்டிவிட்டுத் திரும்பி வரும் வழியில் கேட்டேன்.

"இப்பவும் ஆசை வருதாங்க?"

"வராம? பெட்டிக்கடையத் தாண்டுறப்பல்லாம் கூடவே நடந்து வருது."

"என்ன செய்வீங்க?"

"வந்தா வரட்டும்னு நான் பாட்டுக்கு நடப்பேன். கொஞ்ச தூரம் வந்துட்டு அதுவா நின்னுடுது."