நிற்காமல் போன கூடு

சாம்பிராணிப் புகையும் கருவாட்டு வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் எங்கள் கடற்கரையில் திருநாள் வந்துவிட்டது என்று அர்த்தம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க மீன்பிடிப் பங்கு ஒன்றில் பிறந்த எனக்கு, இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் முதலில் கோபம்தான் வரும், பக்தி அதற்குப் பிறகுதான்.

திருநாள் பின்னேரம், புனிதரின் சுருவத்தை, அந்தச் சிலையை, பூவும் சரிகையும் கட்டிய "கூட்டில்" ஏற்றி, ஆண்கள் தோளில் சுமந்து ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டு வருவார்கள். ஒவ்வொரு வீட்டுப் படலைக்கு முன்னாலும் வெள்ளைத் துணி விரித்த மேசையில் பூத்தட்டும் மெழுகுதிரியும் காத்திருக்கும். கூடு ஒவ்வொரு மேசைக்கும் முன்னால் நின்று, ஒரு செபம் சொல்லி முடித்த பிறகே நகரும். எந்த வீட்டு வாசலில் கூடுதலாக நின்றது என்பதை அடுத்த திருநாள் வரைக்கும் கதைக்கிற சனம் நாங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எவரும் கடலுக்குப் போகக் கூடாது என்பது அந்தப் பங்கின் கட்டுப்பாடு. அப்பா ஒரு ஞாயிறு போனார். வடகரைச் சைவக்காரர் இருவரின் படகு, இயந்திரம் நின்று அலையில் இழுபடுவதைக் கண்டுவிட்டு, தன் படகை இறக்கி அவர்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தார். "அண்ணை, கறிக்கு வைச்சுக்கொள்ளுங்கோ" என்று அவர்கள் இரண்டு பாரை மீனை அவர் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். மனுசன் அதைத் தூக்கிக்கொண்டு, பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம் பார்த்தா கோயில் வாசலைக் கடப்பது! வேறு யாருக்கு வரும் இந்தப் புத்தி?

பங்கின் மூப்பர் படியில் நின்றே கேட்டார்: "கையிலை மீன், வாயிலை கதையோ?" அப்பா நடந்ததைச் சொன்னார், ஒருவரும் காது கொடுக்கவில்லை. அந்த வருடம் எங்கள் மேசைக்கு முன்னால் கூடு நிற்காது என்று தீர்ப்பாயிற்று. சுவாமியாரும் மூப்பரை மீறிக் கதைக்கவில்லை.

அப்படியிருந்தும் அம்மா மேசை வைத்தார். பக்கத்து வீட்டில் நின்ற கூடு எங்கள் வாசலுக்கு வந்ததும் சட்டென்று வேகம் எடுத்தது. சுமந்தவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அதில் ஒருவர் என் சொந்த மாமா. ஒழுங்கை முழுக்க எங்களையே பார்த்தது. அம்மா மெழுகுதிரியைக் கையில் எடுத்தார், மற்றக் கையால் என்னைப் பிடித்தார். "நிக்காட்டி என்ன? நான் பின்னாலை வாறன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, கூடு கோயிலுக்குள் போகும்வரை அதன் பின்னாலேயே நடந்தார். எனக்கு வெட்கத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது.

அப்பா அன்றோடு கோயிலை விட்டார். "இனி நான் உந்த வாசல் மிதிக்க மாட்டன். பிள்ளைக்கும் முதல் நன்மை வேண்டாம்." முதல்முறை நற்கருணை அப்பம் வாங்கும் அந்த நாளுக்கென்று எனக்குத் தைத்த வெள்ளைச் சட்டை பெட்டிக்குள் போனது. அழுதேன் என்றாலும் நான் அப்பா பக்கம்தான். எனக்கு அப்போது கோயில் என்றால் மூப்பர், மூப்பர் என்றால் கோயில். அம்மாவோ ஒரு ஞாயிறு தவறாமல் போய் முன்வாங்கில் இருந்து தொண்டை கிழியப் பாடிவிட்டு வருவார்.

அந்த மாரியில் சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தது. சாவகச்சேரிக்கு அங்கால், தோட்டக்காரர் ஊர் ஒன்றின் சின்னக் கோயிலில் ஒதுங்கினோம். எங்களுக்குப் படுக்க இடம் வேண்டுமென்று அந்தச் சனம் வாங்குகளைத் தூக்கி மழையில் போட்டது. வாசல் மிதிக்க மாட்டேன் என்ற மனுசன் கோயிலுக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்தார்! அந்த ஊர்ச் சுவாமியார் எனக்கு முதல் நன்மை கொடுக்கிறேன் என்றபோது அப்பா தலையாட்டினார். "இது அவையின்ரை கோயில் இல்லை. இஞ்சை எடுக்கட்டும்."

"அவையின்ரை, இவையின்ரை எண்டு எத்தினை கோயில் வைச்சிருக்கிறியள்?" என்றார் அம்மா.

இங்கே வாசகர் அவசரப்படக் கூடாது. அந்த ஊர்ச் சனம் நல்ல சனம், அதனால் எனக்குத் திருச்சபை மேல் விசுவாசம் வந்தது என்று நான் எழுதப்போவதில்லை. நல்லது கண்டதால் நம்பினேன் என்றால், கெட்டது கண்டதால் விட்டேன் என்ற அப்பாவின் கதையைத்தான் நானும் மாற்றிச் சொல்கிறேன். நடந்தது வேறு.

ஞாயிறு பூசையில், பானை சட்டிகளுக்கு நடுவே நன்மைக்கு வரிசை நின்றது. என் வெள்ளைச் சட்டை ஊரிலேயே கிடந்தது. அழுக்குப் பாவாடையோடு போனேன். எனக்கு முன்னால் யார் என்று நிமிர்ந்து பார்த்தால், மூப்பர்! முதல்நாள்தான் வந்து சேர்ந்திருந்தார், காலில் செருப்பில்லை, தோளில் சட்டை கிழிந்திருந்தது. அப்பா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். "வா. உவருக்குப் பின்னாலை நீ நிக்கத் தேவையில்லை."

நான் கையை உதறினேன். "அவர் எங்களை மறிச்சது காணாதோ? இப்ப நீங்களும் மறிக்கப் போறியளோ?"

கோயில் முழுக்கத் திரும்பியது. மூப்பரும் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் நகர்ந்தார். அவர் வாங்கிய அதே அப்பத்தை அவருக்கு அடுத்ததாக நானும் வாங்கினேன். அப்பம் தரும் இந்த மேசையை வைத்தவர் மூப்பர் இல்லை, ஆகவே என்னை எழுப்பிவிட அவரால் ஏலாது. நானும் வைக்கவில்லை, ஆகவே அவரை எழுப்பிவிட என்னாலும் ஏலாது. முதலாவது எனக்கு இனித்தது, இரண்டாவது இன்றுவரை கசக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் நான் திருச்சபை என்கிறேன்.

மூப்பர் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அப்பா ஊர் திரும்பிப் பல வருடங்களுக்குப் பிறகு கோயிலுக்குப் போய், கடைசி வாங்கில் இருந்தார்.

இப்போது மூப்பரும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. கூட்டைத் தோளில் சுமக்க ஆளில்லாமல் உழவு இயந்திரத்தில் ஏற்றிப் பெரிய வீதியால் கொண்டு போகிறார்கள். ஒழுங்கைகளில் மேசைகளும் இல்லை. கனடாவில் இருக்கும் என் மகன், "கோயிலிலை பட்டது காணும் அம்மா" என்கிறான். பட்டிருக்கிறான், அது எனக்குத் தெரியும். "உன்னோடை நடந்தது மட்டுமே கோயில்? உன்ரை கோபத்தையும் கொண்டு வா, அதுக்கும் உள்ளுக்கை இடமிருக்கு" என்றேன். கோபத்தில் தொலைபேசியை வைத்துவிட்டான். அடுத்த கிழமையும் எடுத்துச் சொல்லுவேன், விடமாட்டேன்.

போன திருநாளுக்கு வெள்ளைத் துணி விரித்து மேசை வைத்தேன். வழியால் போன பங்குச்சபைப் பெடியன் ஒருவன் இரக்கப்பட்டு நின்றான். "அன்ரி, கூடு இந்த ஒழுங்கைக்குள்ளை வராது. சும்மா ஏன் மினக்கெடுறியள்?"

"ஓம் தம்பி, தெரியும்" என்று சொல்லி மெழுகுதிரியைக் கையில் எடுத்தேன். "அது வராட்டி என்ன? நான் வாறன்."