கப்பல் ஏறிவிட்டான்

எம்.எஸ்ஸி. முடித்த வருஷம், இங்கிலாந்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு மனுப்போடப் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது. மாதுங்காவில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேட்கவே நா எழவில்லை. ஆனால் மனு அனுப்பும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

கேட்டதும், "கூடப் பொறந்தவா எத்தனை பேர்?" என்றார்.

"நான் ஒருத்தன்தான் சார். உம்மாவும் இல்லை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என் பிள்ளையும் அங்கேதான் இருக்கான். அம்மா போயிட்டாள்னு தந்தி அடிச்சேன். வரமுடியலைன்னு பதில் தந்தி வந்தது. நான் எப்படிடா உனக்கு எழுதித் தருவேன்? உங்கப்பாவை அழைச்சுண்டு வா."

வாப்பாவுக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. பள்ளிக்கூடம் போனதில்லை. வெள்ளிக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கை கழுவியும் தோல் வாடை போகவில்லையென்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சார் தாமே காபி போட்டுக் கொண்டுவந்தார். பால் தீய்ந்திருந்தது. வாப்பா சொட்டு விடாமல் குடித்தார்.

"இவன் போனா உங்களை யார் பாத்துப்பா?" என்று சார் கேட்டார்.

"அல்லா பாத்துக்கிடுவான். எம் மவன் எங்கூடக் கெடந்து தோலு அறுக்க வேண்டாம் சார். அந்தச் சிட்டிய எழுதிக் குடுத்துருங்க."

"திரும்பி வராமலே போயிட்டான்னா?"

வாப்பா காலி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அங்க நல்லாருக்கான்னு நெனச்சிக்கிடுதேன்," என்றார்.

சார் அன்றே எழுதினார். இடமும் கிடைத்தது. வாப்பா பட்டறைக்காரர்களுக்கெல்லாம் பேடா வாங்கிக் கொடுத்தார்.

கப்பலுக்குச் சில நாட்களே இருந்தபோது அவருக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நினைவு இருந்தவரை, "நீ கெளம்புல, எனக்கொண்ணுமில்ல," என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கிளம்பவில்லை. கப்பல் போய்விட்டது.

பிறகு அவருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போனது. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, என்னை யாரோ பட்டறை ஆள் என்று நினைத்துக்கொண்டு, "எம் மவன் கப்பல் ஏறிட்டானா?" என்று கேட்டார்.

அவர் கை என் கைக்குள்தான் இருந்தது. "ஏறிட்டான்," என்றேன்.

"அழுதானா?"

"இல்ல. சிரிச்சிக்கிட்டேதான் போனான்."

அவர் முகம் தெளிந்தது. அதன்பிறகு அவர் பேசவில்லை. மறுநாள் மவுத்தானார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சார் விசாரித்துக்கொண்டு எங்கள் சந்துக்கு வந்தார். கடைசியில் வாப்பாவிடம் நான் சொன்னதை அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அடுத்த வருஷத்துக்கு வேணா இன்னொண்ணு எழுதித் தரட்டுமா?" என்று மெல்லக் கேட்டார்.

வேண்டாம் என்றேன். வாப்பாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற கவலையே இப்போது இல்லை. ஆனாலும் போகத் தோன்றவில்லை.