அப்பாவின் தறிக்கால்

புல் வெட்டும் சின்ன டிராக்டரில் கியர் வண்டி வாங்கலாமா, ஹைட்ரோ வண்டி வாங்கலாமா என்று காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். நானும் சளைக்காமல் சொல்வேன். மேடு பள்ளம், ட்ரெய்லர் இழுக்கிற வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கியர். எந்த மெக்கானிக்கும் பிரித்துப் போட்டு மாட்டிவிடுவான். மரத்துக்கு மரம் வளைந்து, நிமிடத்துக்கு நாலு தரம் முன்னும் பின்னும் போகவேண்டிய தோட்டம் என்றால் ஹைட்ரோ. எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற வண்டி அது, கிளட்ச் கிடையாது. வலது காலால் ஒரு பெடலை அழுத்தினால் முன்னால் போகும், பக்கத்துப் பெடலை அழுத்தினால் பின்னால் வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். இடது காலுக்கு வேலையே இல்லை. இதையெல்லாம் எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீடே இதை வைத்து ஒரு வாரம் அடித்துக்கொண்டது, அதில் வந்த ஞானம்.

அப்போது செவிலிமேட்டில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பா கூலிக்குத் தறி நெய்துகொண்டிருந்தார். அவருடைய அண்ணன், அதாவது என் பெரியப்பா, பெங்களூரில் பல வருஷம் கட்டட மேஸ்திரியாக இருந்துவிட்டுத் திரும்பிவந்து, வாலாஜாபாத் ரோட்டில் இருந்த ஒரு கல்லூரியின் தோட்டத்தைப் பராமரிக்கும் காண்டிராக்டை எடுத்திருந்தார். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் குனிந்தே கிடந்த குடும்பத்தில் முதல் காண்டிராக்டர். அந்தக் கௌரவத்துக்காகவே நாலு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டார்.

சட்டை வந்த கையோடு வேலைகளையும் பிரித்துக் கொடுத்தார். அம்மாவுக்குக் களையெடுப்பு, அப்பாவுக்கு வாங்கப்போகிற டிராக்டர், அத்தைக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. அத்தை பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் கடைசித் தங்கை. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. தறியில் உட்கார்ந்து மிதிக்க முடியாது, மற்றவர்கள் நெய்வதற்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். ஆனால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் வைத்த ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தாள் என்றால் பஸ்ஸையே ஓரங்கட்டுவாள். நான் முன்னால் நின்றுகொண்டு போவேன். அப்படிப்பட்டவளுக்கு வீட்டைப் பார்த்துக்கொள் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

பழைய வண்டி விற்கிறவரிடம் இரண்டு டிராக்டர் இருந்தது, ஒன்று கியர், ஒன்று ஹைட்ரோ. அதைக் கேள்விப்பட்ட அன்றே அத்தை பெரியப்பாவின் எதிரில் போய் நின்றாள். கல்லூரித் தோட்டம் பூராவும் மரம், அதற்கு ஹைட்ரோ என்கிற அந்தப் பெடல் வண்டிதான் லாயக்கு, அதை வாங்கினால் தானே ஓட்டிக்கொள்வதாகச் சொன்னாள். அத்தை யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரியப்பா எண்ணெய்க் குழாயில் கோளாறு வந்தால் சென்னையிலிருந்து ஆள் வரவேண்டும் என்றார், இழுவை போதாது என்றார். கடைசியில் மனதில் இருந்ததும் வெளியே வந்தது.

"வண்டி வாங்கறது வேலைக்காம்மா, உன்னிய உக்கார வெச்சி அழகு பாக்கறதுக்கா?"

அத்தை திரும்பிப் போய் நூல் சுற்ற உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க ராட்டினம் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. தங்கச்சிக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று அம்மா அப்பாவைப் பிடித்து உலுக்கினாள். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை என்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். எனக்கும் அவர் பேசாததே நல்லதாகப் பட்டது. என் அப்பா டிராக்டர் ஓட்டப்போகிறார் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்து முடித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வண்டியையும் கல்லூரி மைதானத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குடும்பமே போயிருந்தோம். அப்பா முதலில் கியர் வண்டியில் ஏறினார். கிளட்சை மிதித்தார், கியரைப் போட்டார், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. நாலு தரம் இப்படி ஆனது. ஐந்தாவது தரம் துள்ளிக் குதித்துப் போய் வரிசையாக வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளில் மூன்றை உடைத்துவிட்டுத்தான் நின்றது. தோட்டக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அப்பா இறங்கித் தலையைச் சொறிந்தார். "என்னா பண்றதுண்ணா, தறிக்காலு. ஒரு காலு மிதிச்சா இன்னொரு காலு தானா எழும்பிக்குது."

தறியில் அப்படித்தான். ஒரு மிதி கீழே போனால் மற்றது மேலே வரும், பத்துப் பன்னிரண்டு வருஷம் அதையே செய்த கால். ஊரில் எந்த நெசவாளியைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்கள். பெரியப்பா வாழ்நாளில் தறியில் உட்கார்ந்ததில்லை என்பதால் உடனே நம்பினார். சரி, அந்தப் பெடல் வண்டியையாவது ஓட்டிக் காட்டு என்றார். அது இன்னும் மோசம். ஒரு காலுக்கான இரண்டு பெடலின் மேலும் அப்பா இரண்டு காலையும் கொண்டுபோய் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி மிதித்தார். வண்டி முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் என்று தூளி ஆடுகிற மாதிரி ஆடியது. இப்போது பெரியப்பாவே சிரித்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது?

வேறு யார் ஓட்டுவது? பெரியப்பாவுக்குச் சைக்கிள்கூட வராது. வெளியாளைப் போடுவது அவருக்கு ஆகாது. கொஞ்ச நேரம் வெள்ளைச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டு நின்றார். பிறகு அத்தையைப் பார்க்காமலே, நீ வேணா ஏறிப் பாரு என்றார்.

அத்தை ஏறினாள். எட்டு வேப்ப மரம் இருந்தது அங்கே. ஒவ்வொன்றையும் ஒட்டி வளைந்து, ஒரு பட்டைகூட உரசாமல் திரும்பிவந்து, புறப்பட்ட இடத்திலேயே நிறுத்தினாள். பெரியப்பா பெடல் வண்டியையே பேசி முடித்தார். அதைப் பதினோரு வருஷம் அத்தை ஓட்டினாள். அவள் கையில் வேலை பழகிய நாலு பெண்கள், இப்போது காண்டிராக்டை எடுத்து நடத்தும் என்னிடம் வண்டி ஓட்டுகிறார்கள்.

அப்பாவுக்குத் தறிக்காலு என்ற பேர் நிலைத்துவிட்டது. அதை அதிகம் சொன்னது நான்தான். கோபம் வந்தால் முகத்துக்கு நேராகவே சொல்வேன், அவர் சிரித்துக்கொள்வார்.

போன வருஷம் எங்கள் சொந்த ஊரான தென்னேரியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த வயசான விவசாயி ஒருவர் நான் யார் பெண் என்று விசாரித்தார். சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்கப்பன் எங்கிட்டதான்மா மூணு வருசம் டிராக்டர் ஓட்டிக்கினு இருந்தான். ஏரிக்கரை மேல அவன் ஓட்டினா பின்னாடி ட்ரெய்லர்ல உக்காந்துகினு டீ குடிக்கலாம், ஒரு சொட்டு சிந்தாது."

பெரியப்பா பெங்களூரில் இருந்த சமயமாம் அது. பள்ளிக்கூடத்துக்கு நடக்க முடியாத தங்கச்சியை அப்பா தினமும் அந்த ட்ரெய்லரில்தான் ஏற்றிக்கொண்டு போவாராம். பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அப்பாவிடம் கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், அதெல்லாம் தறிக்கு வந்தப்புறம் மறந்துபோச்சும்மா என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அத்தனை பேரும் சிரித்தபோது சிரிக்காமல் நின்றது அத்தை ஒருத்திதான். அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கலங்கியிருந்தது. அப்பா இப்படி மானத்தை வாங்கிவிட்டாரே என்று என்னைப் போலவே அவளுக்கும் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்து, விடு அத்தே, அப்பாவுக்கு அவ்வளவுதான் தெரியும் என்று தேற்றினேன்.