எதிர் வீட்டிலும் எரிந்த விளக்கு

என் புருஷன் லைன்மேன். ஊருக்கெல்லாம் ஓடுவார், வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் மட்டும் ஒரு மாதம் ஆகும். சுழற்காற்று ஐந்தே நிமிடத்தில் ஊரைப் புரட்டிப் போட்டதிலிருந்து மூன்று நாளாக மனுஷன் வீட்டுப் பக்கமே வரவில்லை. எங்கள் கூரையில் பாதியைக் காணோம். மீதிப் பாதிக்குக் கீழே என் மாமியார், ஆக்சிஜன் மெஷினோடு. ஊரில் கரண்ட் இல்லை, கைவசம் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரும் முந்தின இரவோடு தீர்ந்துவிட்டது.

அன்று காலை தெருக்கோடிக் கம்பத்தில் அவர் ஏறுவதைப் பார்த்தேன். கையசைத்தேன், கண்டுகொள்ளவில்லை. மாமியாரிடம் சொல்லிப் புலம்பிவிட்டு, அண்ணன் அப்போதுதான் கொண்டுவந்து வைத்த ஜெனரேட்டரை ஓடவிட்டேன். மெஷினை நேராக அதில் மாட்டியிருக்கலாம். ஃபேனும் ஓடட்டுமே, ஃப்ரிட்ஜும் ஓடட்டுமே என்று பேராசை. இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரை ஜெனரேட்டரிலிருந்து இழுத்துச் சுவர் சாக்கெட்டில் சொருகினேன். வீடு முழுக்க வெளிச்சம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எதிர் வீட்டு அக்கா வாசலுக்கு வந்து கத்தினார்: "ஏய், எங்க வீட்லயும் லைட்டு வந்துருச்சு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெயின் சுவிட்சை நான் அணைக்கவில்லை. என் வீட்டுக் கரண்ட் தெருக் கம்பிக்குப் போகிறது. அங்கே அவர் கை வைக்கப் போகிறார்.

ஜெனரேட்டரிடம் ஓடினேன். அணைத்தால் மாமியாருக்கு மூச்சு? ஒரு கணம் கை நின்றுவிட்டது. பாவி, நின்றுவிட்டது.

"அணைடி! மேல நிக்கிறது என் புள்ள!"

மூக்கிலிருந்த குழாயை மாமியாரே பிடுங்கி எறிந்திருந்தார். பதினெட்டு வருஷமாக என்னோடு மல்லுக்கு நிற்கிற மனுஷி.

அணைத்து, வயரைப் பிடுங்கினேன். "அக்கா, அத்தையப் பாத்துக்கங்க!" என்று கத்திவிட்டு ஓடினேன். உடைந்த ஓடுகள் காலைக் கிழித்தன. கம்பத்தில் அவர் பெல்ட்டில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தார். "என்னங்க!" என்று கத்தினேன்.

தலை அசைந்தது. "எந்த அறிவுகெட்டவன் வீட்ல ஜெனரேட்டர் ஓடுது? கம்பில கரண்ட் இருக்குன்னு டெஸ்டர் மட்டும் கத்தலேன்னா இந்நேரம் நான் கரிக்கட்டை!"

நான் எங்கள் வீட்டைக் கைகாட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, அம்மா!" என்று இறங்கி ஓடினார்.

அதற்குள் அக்கா மெஷினை நேராக ஜெனரேட்டரில் மாட்டி ஓடவிட்டிருந்தார். மாமியாரின் உதடு நீலம் பாரித்திருந்தது. மகனைப் பார்த்ததும், "நான்தான்டா... சுவத்துல சொருகச் சொன்னேன். அவளத் திட்டாத" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார்.

"பொய்ங்க," என்றேன். "நான்தான்."

அவர் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் பாதங்களை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.