ரிப்பேராகக் கிடந்த நாட்கள்

தக்கலையில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தபோது, ஒரு அக்கா சிபியுவைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். மெலிந்த உருவம், கழுத்தில் சிலுவைச் செயின். பேசும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் சிபியுவைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

நெட்டில் இலவசமாகக் கிடைத்த ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்ற சாஃப்ட்வேரை, முற்றம் பெருக்குவதுபோல தினமும் காலையில் ஓட்டியிருக்கிறார். அது குப்பையோடு விண்டோஸுக்கு வேண்டியதையும் அழித்துவிட, திரை நீலமாகி நின்றுவிட்டது. சரிசெய்து, கிளீனரையும் நீக்கி, இனி அதைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த மாதமே அதே நீலத்திரையோடு வந்தார். உள்ளே அதே கிளீனர்.

“வேண்டாம்னு சொன்னேம்லா அக்கா?” என்று எரிந்து விழுந்தேன்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “எனக்க மாப்பிள தோஹாவில இருந்து டெய்லி கேமராவில வருவாரு தம்பி. யாரு வந்தா, எங்க போனேன்னு கேட்டு, ஒவ்வொரு ரூமா காட்டச் சொல்லுவாரு. இது கேடாயி கிடந்தப்பதான் நிம்மதியா உறங்குனேன். அதான் திரும்பவும் போட்டேன். பாவமா தம்பி?”

சிபியுவை வாங்கி வைத்துக்கொண்டு அவரை அனுப்பினேன். அன்றே சரிசெய்துவிட்டேன். சாயங்காலம் அவருடைய கணவரே கடைக்குப் போன் செய்தார். களைத்த குரல்.

“எனக்க பிள்ளைக்க முகத்தப் பாத்து நாளாச்சு தம்பி. எப்பம் கிடைக்கும்?”

பெஞ்சில் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

“ஸ்பேர் வரணும் அண்ணே. நாளாகும்” என்றேன்.

“சாரமில்ல தம்பி, மெதுவா நல்லாப் பாருங்க. ரொம்ப நன்றி” என்றார் அவர்.

அந்த நன்றிதான் இன்னும் உறுத்துகிறது.