நடிகர் வராத சனிக்கிழமை

பாடியில் இருந்த பட்டறையில் வேலை போன பிறகு, வெள்ளானூர் கால்பந்து கிளப்பில் டிக்கெட் கிழிக்கும் வேலை வேம்புலிக்குக் கிடைத்தது. மூன்றாம் டிவிஷனில் ஆடும் அந்த அணியை ஒரு சினிமா நடிகர் வாங்கியிருந்தார். அவர் வந்தால் கூட்டம் வரும். படப்பிடிப்பு என்று அவர் வராத வாரங்களில் ஆட்டக்காரர்களின் வீட்டார் மட்டுமே வந்தார்கள். இப்படியே போனால் சீசன் முடிந்ததும் கிளப்பை மூட வேண்டியதுதான் என்று மேனேஜர் மனோகரன் சொல்லிவிட்டார்.

வேம்புலி நடிகரின் டிரைவர் ஜஸ்டினுக்குப் போன் செய்தான்.

"அண்ணாத்தே, சார் வரலன்னா இன்னா? வண்டிய இட்டாந்து கோல் போஸ்ட்டுக்குப் பின்னால நிறுத்து."

"காலி வண்டிய பாக்க எவன்டா துட்டு குடுப்பான்?"

"கண்ணாடி கருப்பாதான கீது? காலின்னு எவனுக்குத் தெரியும்?"

அந்தச் சனிக்கிழமை டிக்கெட் தீர்ந்துபோனது. ரசிகர்கள் காருக்கு மாலை போட்டார்கள், கற்பூரம் காட்டினார்கள், பானெட்டில் பால் ஊற்றினார்கள். தலைவர் எப்படியும் இறங்குவார் என்று கடைசிவரை ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார்கள். அணி ஒரு கோல் போட்டு ஜெயித்தது. கை தட்டிய நாலைந்து பேரில் வேம்புலியும் ஒருவன்.

வசூலைப் பார்த்த மனோகரன் அடுத்த சீசனும் கிளப் நடக்கும் என்றார். செலவைக் குறைக்க, கோல் போட்ட வெளியூர்க்காரனை மட்டும் அனுப்பிவிட்டார்.

வேம்புலியின் வேலை நிலைத்தது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் காரில் காய்ந்த பாலைக் கழுவுவதும் இப்போது அவன் பொறுப்பு.