கரை தெரிந்தபின் திறந்த கூஜா

பித்தளைக் கூஜா அது. திருகு மூடி, மேலே வளையப் பிடி, பக்கவாட்டில் ஒரு நசுங்கல். ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மதராஸ் துறைமுகம்வரை ரயிலில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவர் என் மதினி. அண்ணன் போர்ட் பிளேருக்கு மீன்பிடி வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தத் தீவில் எல்லாம் சரி, தண்ணீர் மட்டும் நம்மூர்த் தண்ணீர்போல் இல்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தான். அதற்காகத்தான் கூஜா. கல்யாணமாகி மூன்றே மாதம் சேர்ந்து இருந்தவர்கள். மதினியைக் கொண்டுபோய் அண்ணனிடம் சேர்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது, மதினிக்கு என்னைவிட ஒன்று குறைவு. அறுபதுகளின் தொடக்கம், ஆனி மாதம்.

எங்கள் வள்ளங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதல்முறை கடலுக்கு வருகிறவன் வாந்தி எடுத்தால் அவனுக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டோம். உள்ளே போவதெல்லாம் வெளியேதான் வரும், காயப் போட்டால் வயிறு தானாக அடங்கும் என்பது எங்கள் ஆட்களின் முடிவு. என்னையும் அப்படித்தான் பழக்கினார்கள். விடியலில் போய் மதியத்துக்குள் கரையேறும் தொழிலில் அதனால் யாரும் செத்ததில்லை. புறப்படும்போது அப்பாவும் அதையே சொன்னார். "வாந்தி எடுத்தாள்னா தண்ணி காட்டாதலே. கரை தெரிஞ்ச பெறவு குடு." கப்பல் கரை காண நாலு நாளாகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் இருவருக்கும் தோன்றவில்லை.

கப்பலின் அடித்தட்டில் இடம். இரும்புக் கட்டில்கள் மேலும் கீழுமாக அடுக்கியிருந்தன. எண்ணெய் நாற்றமும் வாந்தி நாற்றமும் வெளியே போக வழியில்லாத அந்தப் புழுக்கத்தில் நானே மூச்சுத் திணறினேன். முதல் நாள் மாலையே மதினிக்கு ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் நாள் கடல் கெட்டது. கப்பல் ஒரு பக்கம் ஏறி நின்று யோசித்துவிட்டு மறுபக்கம் விழுந்தது. தகர வாளிகள் தரையில் உருண்டன. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த பெண்தான். ஆனால் எங்கள் பெண்கள் கடலை நனைந்த கால்களோடு நின்று பார்த்ததோடு சரி.

"கொழுந்தனாரே, ஒரு வாய் தண்ணி தாங்களேன்" என்று கேட்டார். எலுமிச்சம்பழத்தை நறுக்கி மோந்து பார்க்கக் கொடுத்தேன். மறுபடி கேட்டபோது, "அண்ணனுக்குக் கொண்டுபோற தண்ணிய நீங்களே குடிச்சிருவீங்க போலயே" என்று கேலி செய்தேன். மதினி சிரித்தார். உதடு வெடித்திருந்ததால் சிரிக்கும்போது ரத்தம் எட்டிப் பார்த்தது. அந்தக் கேலியை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கை அறுத்துப் போடலாம் என்று இருக்கிறது.

தரை கழுவ வந்த கப்பல் தொழிலாளி நின்று பார்த்துவிட்டு, "பானி பிலாவ் பாய், பானி" என்றான். கையைக் குவித்துக் குடித்தும் காட்டினான். தண்ணீர் கொடு என்கிறான் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. "நாங்க கடல்காரங்கய்யா, எங்களுக்குத் தெரியும்" என்று தமிழில் அவனுக்குப் பதில் சொன்னேன். கப்பல் டாக்டரிடம் கூட்டிப்போகவும் மனம் வரவில்லை. கடற்கரைக்காரிக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை என்று போய்ச் சொல்வதா என்ற வீம்பு.

மூன்றாம் நாள் எதிர்க் கட்டிலில் இருந்த தெலுங்கு அம்மாள் பொறுக்க மாட்டாமல் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து மதினியின் வாயருகே நீட்டினார். மதினி குடிக்கவில்லை. கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார். கடலுக்குப் போகிற ஆள் நான், எனக்குத் தெரியும் என்று நம்பினார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். மதினி தம்ளரிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப்பின் தண்ணீர் கேட்கவே இல்லை. வாந்தியும் நின்றது. வயிறு அடங்கிவிட்டது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் காலை மேல்தட்டில் கூச்சல் கேட்டது. கரை தெரிகிறதாம். ஓடிப்போய்ப் பார்த்தேன். பச்சையாக ஒரு கோடு. இறங்கி வந்து கூஜாவைத் திறந்து தம்ளரில் ஊற்றி, "மதினி, கரை வந்துட்டு, குடிங்க" என்று எழுப்பினேன். ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது. டாக்டர் வந்தார். புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டார், கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. தண்ணீர் குடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. என் கையிலிருந்த கூஜாவைப் பார்த்தார். ஊசி போட்டுப் பார்த்தார்கள். கப்பல் துறைக்குள் நுழையும்போது மதினி உயிரோடு இல்லை.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கப்பல்துறையில் நின்றிருந்தான். அடக்கம் முடிந்து ஜங்லிகாட் என்ற பகுதியில் அவன் பார்த்து வைத்திருந்த தகரக் கூரை வீட்டுக்கு வந்தோம். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் கூட்டிட்டு வந்திருந்தாலும் தண்ணி குடுத்திருக்க மாட்டேன்லே" என்றான். பிறகு கூஜாவை எடுத்துத் தம்ளர் தம்ளராக ஊற்றி, ஐந்து நாள் பழைய அந்தத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தான். நான் அழுதுகொண்டே பார்த்திருந்தேன்.

நான் ஊருக்குத் திரும்பவில்லை. அண்ணன் இறந்து பல வருடம் ஆகிறது. பேத்திகள் இங்கிருந்து சென்னைக்கு விமானத்தில் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். கூஜா என் கட்டில் பக்கத்தில் தண்ணீரோடு இருக்கிறது. மூடி போடுவதில்லை. பூச்சி விழும் என்று மருமகள் தினமும் சொல்கிறாள். விழட்டும் என்கிறேன்.